கண்ணாடி உடஞ்சா திருஷ்டி போச்சு, கார் இன்சூரன்ஸ்ல என்சிபிங்கிற நோ க்ளைம் போனஸ் போகாம பாத்துக்கணும்

ஒரு சித்திரைல தாம்பரத்துல தங்கச்சி பொண்ணுக்கு காதுகுத்து. திருச்சிலேர்ந்து விடியகாலம் அஞ்சரைக்கே கெளம்பிட்டோம், நான் ஓட்டுறேன், பக்கத்துல அப்பா, பின்னாடி அம்மாவும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குல அதிரசமும். சமயபுரம் டோல் தாண்டி சிறுகனூர் தாண்டி பாடாலூர் பக்கம் வந்தா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிரஷர், ஜல்லி லாரி வரிசையா ஏறி எறங்கிட்டு இருக்கும், அந்த ரோட்ல போறவங்களுக்கு தெரியும். முன்னாடி ஒரு லாரி, நான் ஒரு இருவது மீட்டர்ல ஒட்டிக்கிட்டு ஓவர்டேக் பண்ண எடம் பாத்துட்டு இருக்கேன், டப்புனு ஒரு சத்தம். துப்பாக்கி சுட்ட மாதிரி. அப்பா கைய மூஞ்சிக்கு குறுக்க கொண்டு போயிட்டாரு.

ஒன்னும் ஆகல. கண்ணாடில இடது பக்கம் கீழ, அப்பா உக்காந்திருந்த பக்கமா, ஒரு சின்ன புள்ளி. ஒத்த ரூபா காசை விட சின்னது, நடுவுல ஒரு பொடி குழி, சுத்தி நாலஞ்சு முள்ளு மாதிரி கோடு. "திருஷ்டி கழிஞ்சுதுன்னு விடு பாப்பா"ன்னாரு அப்பா. பின்னாடிலேர்ந்து அம்மா, "நான் அப்பவே சொன்னேன் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டு கெளம்பலாம்னு". லாரி அதுபாட்டுக்கு போயிடுச்சு, நம்பர்கூட பாக்கல.

எல்லாரும் ஜல்லி மேலேர்ந்து விழுந்ததுன்னு தான் நினைப்பாங்க, நானும் அப்டித்தான் நினைச்சேன். அப்புறம் கண்ணாடி மாத்துற பையன் சொன்னான், பாதிக்கு மேல டயர்லேர்ந்து வர்ற கல்லு தாங்க மேடம்னு. லாரிக்கு பின்னாடி ஜோடி ஜோடியா டயர் இருக்குல்ல, அந்த ரெண்டு டயருக்கு நடுவுல கல்லு மாட்டிக்கிட்டு சுத்திட்டே இருக்கும், வேகம் எடுக்கும்போது கவண்ல வச்சு விட்ட மாதிரி பின்னாடி பறக்கும், நாமளும் எதுக்க எம்பதுல போய் வாங்கிக்கிறோம். தார்ப்பாய் போட்டு மூடின லாரினாலும் பின்னாடி ஒட்டக்கூடாதுன்றதுக்கு இது தான் காரணம் போல.

சரி, நான் பண்ண முதல் தப்பு என்னன்னா அந்தப் புள்ளிய அப்டியே விட்டது. காதுகுத்து முடிஞ்சு வந்தோம், வேலைக்கு போனேன், பத்து நாள் போச்சு. எங்க கடை பெரிய கடை வீதில, கார் நிறுத்த நெழல் கெடையாது, கொஞ்சம் தள்ளி வெட்டவெளில தான் விட்டுட்டு வரணும். சித்திரை வெயில், திருச்சி வெயில், சொல்லவே வேணாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு பேங்க்குக்கு போக கார்ல ஏறுறேன், ஸ்டியரிங் தொட முடியல, ஏசிய ஃபுல்லா வச்சு காத்த முன் கண்ணாடி பக்கமே திருப்பி விட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும், டக்குனு நகத்தால தட்டுன மாதிரி சத்தம், பாக்க பாக்கவே அந்தப் புள்ளிலேர்ந்து ஒரு கோடு மேல ஏறி வளைஞ்சு என் பக்கமா வருது. கண்ணு முன்னாடி. ஒரு சாண் ஓடி நின்னுச்சு, சாயங்காலம் வீட்டுக்கு போய் சேர்றதுக்குள்ள ஒரு மொழம்.

வெளிப்பக்கம் கொதிக்குது, உள்பக்கம் திடீர்னு குளிருது, கண்ணாடி ஒரு பக்கம் விரியப் பாக்குது இன்னொரு பக்கம் சுருங்கப் பாக்குது, எங்க பலவீனமா இருக்கோ அங்க பிளக்குது. வெயில்ல நிக்கிற கார் மேல பச்சத்தண்ணிய பக்கெட்டோட ஊத்தி கழுவுனாலும் இதே கதை தான்.

ஆனா ஒன்னு, அவ்வளவு பெரிய கீறல் விழுந்தும் ஒரு துண்டுகூட மடில விழல. முன் கண்ணாடி ஒரே கண்ணாடி கெடையாது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிவிபின்னு ஒரு பிளாஸ்டிக் தாள வச்சு சூடு பண்ணி அமுக்கி ஒட்டுனது. சைடு கண்ணாடி வேற ஜாதி, அது உடஞ்சா கல்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டிடும். எடுவார் பெனடிக்டஸ்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர், 1903-ல ஆய்வுக்கூடத்துல ஒரு குடுவைய கீழ போட்டாராம், உள்ளுக்குள்ள ஏதோ ரசாயனம் காஞ்சு படிஞ்சு போயிருந்ததால விரிசல் விட்டும் சிதறாம அப்டியே நின்னுச்சாம், அதுலேர்ந்து தான் இந்த யோசனை வந்துச்சுன்னு சொல்றாங்க. 1909-ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. அந்த மனுஷன் கை தவறுனதுல இன்னைக்கு எத்தனை பேர் கண்ணு தப்பிச்சிருக்கோ.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம இன்சூரன்ஸ் ஏஜென்ட் தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, கண்ணாடி தானே, க்ளைம் போட்டுடலாம்கா, நீங்க ஒரு ரூபா கட்ட வேணாம்"னான். அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தி, "ஆனா நீங்க இந்த தடவை பம்பர் டு பம்பர் வேணாம்னுட்டீங்களேக்கா, கண்ணாடிக்கு பாதி தான் வரும்"னான். (பம்பர் டு பம்பர்னா, பாகங்களுக்கு தேய்மானம் கழிக்காம முழுசா தர்றதுக்கு தனியா காசு கட்டி சேக்குற ஆட்-ஆன்.) ஒரே மூச்சுல ரெண்டு பேச்சு, ரெண்டுமே தப்பு.

நான் கடைல கணக்கு எழுதுறவ, பேப்பர படிக்காம எதையும் நம்ப மாட்டேன், ஆனா என் சொந்த இன்சூரன்ஸ் பேப்பர ஆறு வருஷமா படிக்கல, அது வேற. அன்னைக்கு ராத்திரி தான் அந்த பிடிஎஃப்ப தெறந்து உக்காந்தேன். தேய்மானம்னு ஒரு பக்கம் இருக்கு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், ட்யூப், பேட்டரி இதுக்கெல்லாம் பாதி கழிச்சுட்டு தான் தருவாங்க. ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதம் கழிப்பாங்க. தகரம், இரும்புக்கு காரோட வயசுக்கு ஏத்த மாதிரி. கண்ணாடிக்கு? ஒன்னும் கெடையாது. சைபர். பத்து வருஷ வண்டியா இருந்தாலும் கண்ணாடியால ஆன பாகத்துக்கு தேய்மானம் கழிக்கக்கூடாது. பம்பர் டு பம்பர்னு சொல்ற ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் எடுக்காட்டியும் கண்ணாடிக்கு அதே காசு தான். கண்ணாடிக்காகன்னு சொல்லி அத விக்கிறது ஏமாத்து வேலை இல்லன்னா அறியாமை, தம்பி விஷயத்துல அறியாமைன்னே வச்சுக்கறேன், நல்ல பையன்.

அதுக்காக ஒரு ரூபாகூட கட்ட வேணாமா? அதுவும் இல்ல. எந்த க்ளைமா இருந்தாலும் 1500 சிசி வரைக்கும் உள்ள கார்னா முதல் 1000 ரூபா நம்ம கைக்காசு, அதுக்கு மேல உள்ள கார்னா 2000. இத கம்பல்சரி டிடக்டிபிள்னு போட்டிருப்பாங்க. என் கார் 1197 சிசி, அதனால ஆயிரம். பிரீமியம் குறையுதேன்னு வாலன்டரி டிடக்டிபிள்னு ஒன்னுக்கு டிக் அடிச்சு வச்சிருந்தீங்கன்னா அதுவும் சேர்ந்து கழியும், நெறைய பேர் ஆன்லைன்ல வாங்கும்போது கவனிக்காம அடிச்சிடுறாங்க. இதெல்லாம் ஓன் டேமேஜ், சுருக்கமா ஓடி, இருக்கிற பாலிசிக்கு, அதாவது நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கும் சேத்து எடுத்தது. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் வச்சிருந்தா நம்ம கண்ணாடிக்கு நயா பைசா கெடையாது. பழைய வண்டிக்கு நெறைய பேர் அப்டித்தானே போடுறோம்.

லாரிக்காரன்கிட்ட வாங்க முடியாதான்னு அப்பா கேட்டாரு. சட்டப்படி முடியும், அவனோட தேர்டு பார்ட்டி பாலிசில மத்தவங்க சொத்து சேதத்துக்கு 7.5 லட்சம் வரைக்கும் எடம் இருக்கு, ஆனா வண்டி நம்பர் வேணும், போலீஸ்ல எழுதணும், அவன் வண்டிலேர்ந்து வந்த கல்லு தான்னு காட்டணும், ட்ரிப்யூனல்ல கேஸ் போடணும். ஒரு கண்ணாடிக்கு கோர்ட் வாசல் ஏறுனா கண்ணாடி காச விட வக்கீல் வீட்டுக்கு போற ஆட்டோ காசு அதிகமாகும்.

மறுநாள் சர்வீஸ் சென்டர் போய் கொட்டேஷன் வாங்கினேன். வரியெல்லாம் சேத்து கண்ணாடி 6,900, ஓரத்துல போடுற ரப்பர் மோல்டிங் 650, ஒட்டுற பசையும் பிரைமரும் 1,100, லேபர் 900. மொத்தம் 9,550. க்ளைம் போட்டா எவ்வளவு வரும்னு அட்வைசர்கிட்ட கேட்டேன், அவரு பழகுன கையால சீட்டுலயே எழுதிக் காட்டுனாரு. கண்ணாடி முழுசா 6,900. மோல்டிங் ரப்பர், பாதி 325. பசை கன்ஸ்யூமபிள்ஸ்ல, அதாவது ஒரு தடவை போட்டா தீந்துடுற சாமான்ல வருது, உங்க பாலிசில அந்த ஆட்-ஆன் இல்ல மேடம், அடிச்சிடுவாங்க. லேபர் 900. ஆக 8,125, அதுல ஆயிரம் போக 7,125. நீங்க 2,425 கட்டுனா போதும் மேடம், சர்வேயர்லாம் வர மாட்டாங்க, ஐம்பதாயிரத்துக்கு கீழ உள்ளதுக்கு போட்டோ வச்சே முடிச்சிடுவாங்க, ஆர்சியும் லைசென்ஸும் குடுங்க, இப்பவே ஆப்ல ஏத்திடுறேன்னாரு. பேனாவ நீட்டிட்டாரு.

கையெழுத்து போட கை போச்சு. அப்போ தான் என் பிரீமியம் ரசீதுல என்சிபி, அதாவது நோ க்ளைம் போனஸ், 50 சதவீதம்னு போட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு. ஒரு நிமிஷம் சார்னுட்டு வெளில வந்து கார்ல உக்காந்து, பேங்க் செலான் பின்னாடி கணக்கு போட்டேன்.

க்ளைமே போடாம ஓட்டுனா ஓடி பிரீமியத்துல வருஷா வருஷம் தள்ளுபடி ஏறும். முதல் வருஷம் முடிஞ்சா 20, அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் சுத்தமா இருந்தா 50. அதுக்கு மேல ஏறாது. நடுவுல ஒரே ஒரு க்ளைம், அது கண்ணாடியோ கைப்பிடியோ, ஆயிரம் ரூபாயோ லட்ச ரூபாயோ, சறுக்கி நேரா சைபருக்கு வந்துடும். பரமபதத்துல தொண்ணூத்தெட்டுல இருக்கிற பாம்பு மாதிரி. என் ஓடி பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 8,000 சொச்சம், கணக்குக்கு எட்டாயிரம்னே வச்சுக்குவோம். க்ளைம் போடலன்னா வருஷா வருஷம் 4,000 கட்டுவேன். போட்டா அடுத்த ரினீவல்ல முழு 8,000, நாலாயிரம் கூடுதல். அதுக்கு அடுத்த வருஷம் 20 சதவீதம் கழிச்சு 6,400, அதுல 2,400 கூடுதல். அப்புறம் 6,000, ரெண்டாயிரம். அப்புறம் 5,200, ஆயிரத்து எறநூறு. அப்புறம் 4,400, நானூறு. ஆறாவது ரினீவல்ல தான் பழையபடி நாலாயிரத்துக்கு வந்து நிக்குறேன். கூட்டுனா பத்தாயிரம். அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 11,800.

7,125 வாங்குறதுக்கு 11,800 குடுக்கணும்.

வண்டி பழசாக ஆக ஐடிவி, அதாவது பாலிசில போடுற வண்டி மதிப்பு எறங்கும், ஓடி பிரீமியமும் கூடவே கொஞ்சம் எறங்கும், அதனால கூட்டுத்தொகை பத்தாயிரம்னே வையுங்களேன், அப்பவும் நட்டம் தான். சரி ரெண்டு வருஷத்துல கார வித்துடுவேன் எனக்கென்னன்னு நினைச்சா அதுவும் ஆகாது, என்சிபி காருக்கு கெடையாது, ஆளுக்கு. வித்துட்டு புது வண்டி எடுத்தா அந்த 50 சதவீதத்த லெட்டர் வாங்கி மூணு வருஷத்துக்குள்ள புது வண்டிக்கு மாத்திக்கலாம், புது வண்டியோட ஓடி பிரீமியம் பெருசு, அதுல பாதின்னா யோசிச்சு பாருங்க. இன்னும் சில கெட்டிக்காரங்க இருக்காங்க, க்ளைம் வாங்கிட்டு அடுத்த வருஷம் வேற கம்பெனிக்கு போய் க்ளைமே இல்லன்னு எழுதிக் குடுத்துடலாம்னு. புது கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேக்கும், அப்போ மாட்டலன்னாலும் நாளைக்கு பெரிய ஆக்சிடன்ட்ல க்ளைம் வரும்போது தோண்டி எடுத்துடுவாங்க. அந்த நேரத்துல ரெண்டு லட்சம் பில்ல கைல வச்சுக்கிட்டு நிக்கணுமா?

உள்ள போய் "க்ளைம் வேணாம் சார், கைக்காசே போடுறேன்"னேன். அட்வைசர் என்ன மேடம் இன்சூரன்ஸ் வச்சுக்கிட்டுன்னு ஒரு மாதிரி பாத்தாரு. செலான காட்டினேன். படிச்சுட்டு, "எங்க வீட்டு வண்டிக்கும் போன மாசம் க்ளைம் போட்டேன் மேடம்"னு மட்டும் சொன்னாரு.

எல்லாருக்கும் இதே கணக்கு வராது, அத தெளிவா சொல்லிடணும். எங்க சித்தப்பா பையன் புது எஸ்யூவி வச்சிருக்கான், கண்ணாடி உச்சில கேமரா, மழை சென்சார், தானா பிரேக் புடிக்கிற சமாச்சாரம் எல்லாம். அவன் கண்ணாடி பில் மட்டும் ஐம்பதாயிரத்த நெருங்கிச்சு, மாத்துனதுக்கு அப்புறம் கேமராவ மறுபடி செட் பண்ணணும், அதுக்கு தனி காசு. அவனுக்கு வண்டி எடுத்து ஒரு வருஷம் தான், என்சிபி 20. அவன் யோசிக்காம க்ளைம் போட்டான், போட வேண்டியது தான். இன்னொன்னு, என்சிபி ப்ரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, அது இருந்தா கம்பெனி சொல்ற எண்ணிக்கை வரைக்கும் க்ளைம் போட்டாலும் தள்ளுபடி கீழ எறங்காது. கண்ணாடி, ஃபைபர், ரப்பர் ரிப்பேருக்குன்னே தனி ஆட்-ஆனும் சில கம்பெனில தர்றாங்க, அதுல என்சிபிய தொடுறதில்ல. 50 சதவீதத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு பம்பர் டு பம்பர விட இது தான் முதல்ல வேணும்னு எனக்கு தோணுது, எனக்கு இந்த ரினீவல்ல நானூத்துச் சொச்சம் தான் கேட்டாங்க, போட்டுட்டேன்.

க்ளைம் போடுறவங்களுக்கு ஒன்னு, என்ன மாதிரி பத்து நாள் சும்மா இருக்காதீங்க. பாலிசி பேப்பர்ல தற்செயலா வெளிலேர்ந்து வந்த சேதம்னு தான் இருக்கும், கல்லு பட்டதுன்னா அதுல அடங்கும், ஏசி போட்டேன் உடஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தா நூறு கேள்வி வரும். லேட்டா சொன்னதுக்காக மட்டும் க்ளைம தள்ளக்கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏ 2011-லயே கம்பெனிகளுக்கு சொல்லிருக்கு, இருந்தாலும் அன்னைக்கே நாலு போட்டோ எடுத்து ஆப்ல போட்டுட்டா யாரும் எதுவும் பேச முடியாது.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த ஒத்த ரூபா சைஸ் புள்ளிய அன்னைக்கே காட்டியிருந்தா ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும். புள்ளிக்குள்ள இருக்கிற காத்த உறிஞ்சிட்டு ரெசின் ஏத்தி யூவி லைட்ட காட்டி கெட்டியாக்கிடுவாங்க, அரை மணி நேர வேலை. தடம் லேசா தெரியும், ஆனா ஓடாது. டிரைவர் கண்ணுக்கு நேரா இருந்தாலோ ஓரத்துல இருந்தாலோ செய்ய மாட்டாங்க, என்னோடது ரெண்டும் இல்ல. கடைக்கு போற வரைக்கும் தூசியும் தண்ணியும் உள்ள எறங்காம ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி வச்சா போதுமாம். என் டேஷ்போர்டுலயே செல்லோ டேப் கெடந்துச்சு, காதுகுத்து மொய்க்கவர் ஒட்டுன மிச்சம்.

கண்ணாடி மாத்துறத கூடவே நின்னு பாத்தேன். வைப்பர கழட்டி, ஓரத்து ரப்பர உரிச்சு, பசைக்குள்ள ஒரு மெல்லிய கம்பிய ஊசியால கோத்து உள்ள விட்டாங்க, ஒருத்தன் வண்டிக்குள்ள ஒருத்தன் வெளில, மரம் அறுக்குற மாதிரி மாத்தி மாத்தி இழுக்குறாங்க, சுத்தி வந்து முடிச்சதும் ரெண்டு உறிஞ்சி கப்ப ஒட்டி அப்டியே தூக்கிட்டாங்க. கண்ணாடி இல்லாத காரு பல்லு கழட்டி வச்ச கெழவி மாதிரி இருந்துச்சு. பழைய பசைய மழிச்சு, பிரைமர் தடவி, கறுப்பு பசைய ஒரே சீரா, கைய எடுக்காம முறுக்கு புழியிற மாதிரி சுத்தி புழிஞ்சான் அந்தப் பையன். வச்சு அமுக்கி டேப் ஒட்டுனதும் உடனே எடுத்துட்டு போகாதீங்க மேடம், சாயங்காலம் வாங்க, ரெண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் வேணாம், ஒரு ஜன்னல் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வச்சே கதவ சாத்துங்க, படார்னு அடிச்சா உள்காத்து கண்ணாடிய வெளில தள்ளும்னான். பசை சரியா காயலன்னா பக்கத்து சீட் ஏர்பேக் வெடிச்சு விரியும்போது முட்டுக்குடுக்க ஆள் இல்லாம கண்ணாடிய தள்ளிக்கிட்டு போயிடுமாம். அதுக்கு அப்புறம் அவசரப்படுத்தல, எதுக்க இருந்த கடைல ரெண்டு டீ குடிச்சேன்.

எல்லாம் சரியா முடிஞ்சுதுன்னு அடுத்த வாரம் பெரம்பலூர் கெளம்புனா சமயபுரம் டோல்ல கேட் தெறக்கல. ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோட போயிடுச்சு! அத உரிச்சு வேற கண்ணாடில ஒட்ட முடியாது, உரிச்சா உள்ள இருக்கிற கம்பி அறுந்துடும், பேங்க்ல சொல்லி மாத்து டேக் வாங்கணும், பழைய பேலன்ஸ் அப்டியே இருக்கும். பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்க அடிக்க ரெண்டு மடங்கு காசு கட்டிட்டு போனேன். 2025 நவம்பர் 15-லேர்ந்து யூபிஐல கட்டுனா ஒன்னேகால் மடங்கு தான், என் நேரம் அதுக்கு முன்னாடியே மாட்டினேன். இத எந்த கணக்குலயும் சேக்கல பாருங்க, செலான்ல எடமும் இல்ல.

பழைய கண்ணாடி? க்ளைம் போட்டிருந்தா அது கம்பெனிக்கு போயிருக்கும், கைக்காசு போட்டதால நம்மளுது. வேணுமா மேடம்னு கேட்டாங்க. அப்பாவுக்கு போன் போட்டேன், எடுத்துட்டு வா பாப்பா, மாடில செடிக்கு மறைப்பா வச்சுக்கலாம்னாரு. போன புடுங்கி அம்மா பேசுனாங்க. "உடஞ்ச கண்ணாடிய வீட்டுக்குள்ள கொண்டு வந்தேன்னா நீயும் அங்கயே இருந்துக்கடி."